துளசி வாடுது... கற்றாழை அழுகுது!

சித்திரைத் திருவிழாவுக்காக அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வைகையில் ஓடி வடிந்தாச்சு. அழகரும் மலைக்குத் திரும்பியாச்சு. அதற்கப்புறம் மதுரையில் மிஞ்சுவது வெயில்தான்!

மொட்டை மாடியில் ஆசை ஆசையாய் வளர்த்த மூலிகைத் தொட்டிகளைப் பார்க்க மதியம் மூணு மணிக்கு ஏறுகிறீர்கள். துளசி தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. மனசு கேட்குமா? குளிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு வாளியைத் தூக்கிப் போய், எல்லாத் தொட்டிக்கும் ஆளுக்கு ரெண்டு சொம்பு ஊற்றிவிட்டு வருகிறீர்கள். தினமும் இப்படியே செய்து, பத்து நாள் கழித்துப் பார்த்தால் துளசி மதியத்தில் அதே மாதிரிதான் தொங்குகிறது. பக்கத்துத் தொட்டியில் கற்றாழையோ அடி அழுகிச் சாய்ந்து கிடக்கிறது! தண்ணீரும் போச்சு, செடியும் போச்சு.

முதலில் ஒரு விஷயம். மதிய வாட்டம் எல்லாம் தாகம் இல்லை. உச்சி வெயிலில் இலை வழியாக வெளியேறும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். சாயங்காலம் ஆனதும் தானே நிமிர்ந்துவிடும். எனவே துளசியைக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கினால்தான் அது நிஜமாகவே தண்ணீர் கேட்கிறது. சந்தேகமாக இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஒவ்வொரு மூலிகையும் வறட்சியை ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. கற்றாழையும் பிரண்டையும் கெட்டிக்காரர்கள். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது, இவை பகலெல்லாம் மூடி வைத்துக்கொண்டு ராத்திரியில் திறக்கின்றன. அதனால் இழக்கும் நீர் மிகக் குறைவு. கோடையில் கற்றாழை மடல் மெலிந்து லேசாகச் சிவந்தால் பயப்படாதீர்கள்; சேமிப்பை எடுத்துச் செலவு செய்கிறது, அவ்வளவுதான். பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் போதும். ஆடாதோடை, நொச்சி இரண்டும் தரையில் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் உங்களைத் தேடவே தேடாது.

தூதுவளை கோடையில் இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் கொடியுமாக நிற்கும். செத்துப் போச்சு என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். நுனியைக் கத்தரித்துவிட்டு அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் காட்டினால் மழைக்குத் துளிர்க்கும். கீழாநெல்லி அப்படி இல்லை. அதன் ஆயுசே சில மாதம்தான். காய்ந்தால் காயட்டும், விதை விழுந்த மண்ணைக் கிளறாமல் வையுங்கள். ஐப்பசி மழைக்குத் தானே முளைத்து வரும்.

வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி மூன்றும் ஈரத்தில் பிறந்த சாதி. ஒருநாள் காய்ந்தாலும் சுருண்டுவிடும். இவற்றை மாடியில் வைத்து மல்லுக்கட்டாமல், ஓட்டை குறைவான அகலத் தொட்டியில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வையுங்கள். ‘தண்ணிதானே வேணும்’ என்று சாக்கடை ஓரத்தில் மட்டும் வேண்டாம்! மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த இலையைத்தானே குழந்தைக்குத் துவையலாக அரைக்கப் போகிறீர்கள்?

சரி, உள்ள தண்ணீரை எப்படிக் காப்பாற்றுவது? 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரை ஒதுக்கியதும், ஊரே சிரித்ததும் மறந்திருக்காது. அணைக்கு எடுபடாத அந்த யோசனை தொட்டிக்கு அருமையாக எடுபடும்! மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த வேப்பிலை, தேங்காய் நார், சருகு எதையாவது பரப்பிவிடுங்கள். அழகர்மலைக்குப் போனால் மரத்தடிச் சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். வெளியே பொட்டலாய்க் காய்ந்திருக்கும்போதும் அங்கே குளுமை தெரியும். மூலிகைகளைப் பாதுகாக்க வனத்துறை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இடங்களில் அந்த மலையும் ஒன்று. அங்கே யார் போய்ச் சொம்பில் ஊற்றுகிறார்கள்?

மாடித் தளத்தின் சூடும் ஒரு எதிரி. தொட்டி நேராகத் தளத்தில் உட்கார்ந்தால் வேர் வெந்துவிடும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். பச்சை வலை கட்ட வசதி இல்லையா, பழைய பருத்திச் சேலை போதும்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது மண் பாளமாகக் காய்ந்து, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். அப்போது மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடியில் ஓடிவிடும். வேருக்கு ஒரு சொட்டும் சேராது. தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் அரைமணி நேரம். பிறகு எடுத்து நிழலில் வடியவிடுங்கள். பாதி செத்த செடிகூடப் பிழைக்கும். அந்த நேரத்தில் பரிதாபப்பட்டு உரம் மட்டும் போட வேண்டாம். உரத்தின் உப்பு, காய்ந்த வேரை இன்னும் சுடும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? அரிசி, பருப்பு கழுவியது நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டுவதும் சரி. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர் வேண்டாம். நம்ம ஊர் போர் தண்ணீரில் ஏற்கெனவே உள்ள உப்பு அதில் இன்னும் கூடியிருக்கும். தொட்டி ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் காரணம் அதுதான். சோப்புத் தண்ணீரும், சாப்பிடுகிற செடிக்கு வேண்டாமே.

இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. தண்ணீர் ஒழுங்காக ஊற்றியும் துளசி இலை வெளுத்துப் புள்ளி புள்ளியாகிறதா? இலையின் அடியைப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பூச்சி. காய்ந்த வெயிலில்தான் இது பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே குறைந்துவிடும். துளசியின் பூங்கதிரையும் கிள்ளிவிடுங்கள். தவிக்கும் செடி விதை விட அவசரப்படும். கதிரைக் கிள்ளினால் இலைக்குத் தெம்பு சேரும்.

இனி, செடியைவிட உங்களுக்கு முக்கியமான சங்கதி. வாடிய செடியின் இலை, செழித்த செடியின் இலைக்குச் சமமான மருந்து அல்ல. வறட்சியில் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, வளர்ச்சி நின்றுபோகிறது. ஆனால் வெயில் விடுவதில்லையே! அந்த வெயிலின் கேடுகளிலிருந்து தப்பிக்கச் செடி தனக்குள் பல பாதுகாப்புப் பொருள்களைக் கூட்டிக்கொள்கிறது. நாம் மருந்து என்று சொல்லும் காரமும் கசப்பும் பெரும்பாலும் அவைதான். இலை குறையும், காரம் ஏறலாம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர் நித்தியகல்யாணிச் செடிகளைத் தண்ணீர் குறைத்து வளர்த்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். செடியின் வளர்ச்சி குறைந்தது. வேரில் அஜ்மலிசின் என்ற ஆல்கலாய்டு கூடியது! இது வேரைப் பற்றிய கணக்கு. இலையில் உள்ள சரக்கும் தண்ணீர், வெயில், செடியின் வயது இவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்த வெயிலுக்கும் அசையாமல் பூத்து நிற்கும் இந்த நித்தியகல்யாணியின் இலையை, பூவை, ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று காலையில் வெறும் வயிற்றில் மெல்லுகிறவர்கள் நம்மிடையே நிறைய. நாலு இலை, ஆறு இலை என்று ஆளுக்கொரு கணக்கு. அந்தக் கணக்கு செடிக்குத் தெரியுமா?

இதே நம்பிக்கை ஜமைக்காவிலும் இருந்தது. அங்கிருந்து வந்த இலைகளை 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தார். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்ததில் சர்க்கரை குறையக் காணோம். ஊசியாகப் போட்டபோதோ ரத்த வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்றுநோயில் செத்தன. அந்த விபரீதத்திலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. பின்னாலேயே வின்கிரிஸ்டினும் வந்தது. இரண்டும் ஆஸ்பத்திரியில் அளந்து, ரத்தப் பரிசோதனை செய்து கொடுக்கிற மருந்துகள்.

எனவே உங்கள் வீட்டில் யாராவது இந்த இலையை மென்றால் நிறுத்தச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் அறவே கூடாது. இதுவரை மென்றதை அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது மறைக்காமல் சொல்லட்டும். ‘பச்சிலைதானே’ என்று விட்டுவிடுவதால்தான் டாக்டருக்கு மாத்திரைக் கணக்கு பிடிபடாமல் போகிறது.

துளசி, தூதுவளை, கற்பூரவல்லி போன்றவற்றில் இந்த அளவு பயம் இல்லை. ஆனாலும் வாடிய செடியில் பறிக்காதீர்கள். நாலைந்து நாள் முறையாகத் தண்ணீர் காட்டி, புதுத் துளிர் வந்தபின், காலையில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கிள்ளுங்கள்.

நித்தியகல்யாணியையும் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. பூஜைக்குப் பூ தரட்டும். வேர் பிடித்த செடிக்கு, தரையில் இருந்தால் வாரத்துக்கு இரண்டு சொம்பு தண்ணீர் போதும்.