காலடியில் தரை இல்லாத ஆட்டம்

அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு பந்தைப் போடுங்கள். கால்பந்தோ வாலிபாலோ, எதுவானாலும் சரி. உள்ளங்கையை வைத்து அடிவரைக்கும் அமுக்கிப் பாருங்கள். பந்து வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் எகிறும், சட்டை நனையும், அம்மா திட்டுவார். அதனால் வாசலில் வைத்துச் செய்வது நல்லது.

பந்து ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? நீரில் நீந்தியபடியே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டமான வாட்டர் போலோவின் பந்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் ஆடும் பந்தின் எடை 400 முதல் 450 கிராம். சுற்றளவு ஏறக்குறைய 70 செ.மீ. அது முழுக்க மூழ்கினால் ஐந்தரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒதுக்கிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசை பொருளை மேலே தூக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தூக்கும் விசை ஐந்தரை கிலோவுக்கு மேல், பந்தின் எடையோ அரைக் கிலோகூட இல்லை. அதை உள்ளே அமுக்கி வைக்க, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவுக்குத் தெம்பு வேண்டும்.

வாட்டர் போலோவில் இதையொட்டி ஒரு விதி உண்டு. பந்து உங்கள் கையில் இருக்கிறது, எதிராளி வந்து மறிக்கிறார். அந்த நேரத்தில் பந்து தண்ணீருக்குள் போகக் கூடாது. போனால் ஃபவுல், பந்து எதிரணிக்கு. எதிராளி உங்கள் கையை அழுத்தியதால் மூழ்கினாலும் தப்பு உங்கள் பேரில்தான்! எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் விதி விதிதான்.

மற்ற விதிகள் எளிது. அணிக்கு ஏழு பேர் நீரில் இருப்பார்கள், அதில் ஒருவர் கோல்கீப்பர். ஒரு கால்பகுதிக்கு 8 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். கோல் 3 மீட்டர் அகலம், நீர்மட்டத்திலிருந்து 90 செ.மீ. உயரம். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொட வேண்டும், முஷ்டியால் குத்தக் கூடாது. எதிராளியின் முகத்தில் வேண்டுமென்றே தண்ணீர் அடித்தால் சிறிது நேரம் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவரின் நகத்தையும் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை பார்ப்பார்களே, அதே மாதிரி! நீண்ட நகம் அடுத்தவர் தோலைக் கிழித்துவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விதி ஒன்று இருக்கிறது: நீச்சல் குளத்தின் தரையில் கால் ஊன்றக் கூடாது. கோல்கீப்பருக்கு அவருடைய எல்லைக்குள் இதில் சலுகை உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது. குளமே கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆழம் என்பதால், நினைத்தாலும் வசதியாக நிற்க முடியாது.

அப்படியென்றால் இடுப்புவரை எழும்பி நின்று பந்து எறிகிறார்களே, எப்படி?

நம் உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் பெரும்பாலானவர்கள் மிதந்துவிடலாம். தலையை வெளியே நீட்டியதும் கணக்கு மாறுகிறது. நீருக்கு வெளியே இருக்கும் பாகத்தைத் தண்ணீர் தாங்குவதில்லை. பெரியவர் ஒருவரின் தலை நான்கைந்து கிலோ. கை சுமார் மூன்று கிலோ. தோளும் நெஞ்சும் மேலே வந்தால் இன்னும் பல கிலோ சேரும். அந்தச் சுமை முழுவதையும் கால்கள்தான் தாங்க வேண்டும், அதுவும் தரையே இல்லாமல்.

கிணற்றிலோ குளத்திலோ நீந்தத் தெரிந்தவர்கள் நின்ற வாக்கில் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் தவளை மாதிரி இரண்டு கால்களையும் ஒன்றாக உதைப்பார்கள். உதைத்ததும் உடம்பு எழும்பும். கால்களை மடக்கும்போது அமிழும். இப்படி மேலும் கீழும் ஆடினால் பந்தைக் குறிபார்த்து எறிவது எங்கே? வாட்டர் போலோக்காரர்களின் உத்தி வேறு. அதற்கு எக்பீட்டர் கிக் என்று பெயர். கையால் சுற்றும் முட்டை அடிக்கும் கருவியில் இரண்டு கம்பிக் கூடுகள் எதிரெதிராகச் சுழலும் அல்லவா, கால்களும் அப்படியே சுழல்கின்றன. வலது கால் நீரைக் கீழே தள்ளும்போது இடது கால் திரும்பி வந்துகொண்டிருக்கும். அது தள்ளும்போது இது திரும்பும். எந்த நொடியிலும் ஏதோ ஒரு கால் வேலை செய்துகொண்டே இருப்பதால் உடம்பு அமிழ்வதில்லை. எதிரெதிர்த் திசை என்பதால் ஆளும் பம்பரமாகச் சுற்றிவிடுவதில்லை. நீரைக் கீழே தள்ளினால் நீர் நம்மை மேலே தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி.

எறிவதிலும் அந்த விதி விடாது. நன்றாக ஆடுகிறவர்களின் எறிதல் மணிக்கு 70 கி.மீ. வேகத்தைத் தாண்டும். தரையில் நின்று எறியும்போது பின்தள்ளலைப் பூமி வாங்கிக்கொள்கிறது. தண்ணீரில் அதை வாங்கிக்கொள்ள உங்கள் கால்களும் இன்னொரு கையும்தான் இருக்கின்றன. அதனால்தான் கால்களை அகல விரித்து, சும்மா இருக்கும் கையால் நீரைத் துழாவியபடியே எறிகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பந்தை ஓட்டிக்கொண்டு போகும் விதம். கையால் தொடவே மாட்டார்கள்! தலையை நிமிர்த்தி, முழங்கைகளை உயர்த்தி நீந்துவார்கள். முகத்துக்கு முன்னால் ஒரு சிற்றலை எழும்பும். பந்து அந்த அலையின் மேல், இரண்டு கைகளுக்கும் நடுவே, நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடும். மிதக்கும்போது பந்தில் பத்தில் ஒரு பங்குகூட நீருக்குள் இருப்பதில்லை என்பதால் சின்னத் தள்ளலே போதும். 1930கள்வரை தோல் பந்து. அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ரப்பர் உறை போட்ட பந்து வந்த பிறகுதான் ஆட்டம் சுறுசுறுப்பானது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய பெருமை உண்டு. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வாட்டர் போலோ தங்கம் நமக்குத்தான்.

எக்பீட்டரை வீட்டிலேயே பழகலாம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முழங்கால்களை அகற்றி, வலது பாதத்தை ஒரு பக்கமும் இடது பாதத்தை எதிர்ப்பக்கமுமாகச் சுற்றுங்கள். பத்தே நொடியில் இரண்டும் ஒரே பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும், பாருங்கள்! தண்ணீரில் செய்வதானால் நீச்சல் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அது பழகியதும் இந்தப் புதிரை யோசியுங்கள். ஹங்கேரியின் ஒலிவேர் ஹலாஷி என்பவருக்குச் சிறு வயதில் டிராம் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவர் 1928 ஒலிம்பிக்கில் வாட்டர் போலோ வெள்ளி, 1932இலும் 1936இலும் தங்கம் வென்ற அணிகளில் ஆடினார். ஒரு பாதம் திரும்பி வரும்போது தள்ளுவதற்கு இன்னொரு பாதம் இல்லை. அவர் எதைக் கொண்டு எழும்பி நின்றிருப்பார்?