படகு வாங்கும் முன் அதன் அடியைப் பாருங்கள்

மீனவக் குடும்பத்துக்குச் சொந்தப் படகு வாங்குவது வீடு கட்டுவதைப் போன்ற பெரிய காரியம். நகையை அடகு வைத்தும் கடன் பட்டும்தான் வாங்குகிறோம். அப்போது இன்ஜினின் குதிரைத்திறனைத் துருவித் துருவி விசாரிக்கும் நாம், படகின் அடியைக் கவனிப்பது குறைவு. கடலில் படகு கவிழாமல் காப்பது அந்த அடிதான்.

தட்டை அடி உள்ள படகு அமைதியான நீரில் ஆடாமல் நிற்கும். நின்றுகொண்டு வலை இழுக்க வசதியாக இருக்கும். ஆழம் குறைந்த இடத்திலும் மிதக்கும் என்பதால் தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் விரிகுடாக் கரைகளுக்கு ஏற்றது. ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால், அலையின் சரிவோடு சேர்ந்து அதுவும் சாயும். எதிர் அலையில் ஓங்கி அறையும்.

கூரான அடி அலையைப் பிளந்து செல்லும். ஆனால் நிறுத்தி வைத்திருக்கும்போது அதிகம் ஆடும், ஆழமும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே அணியத்தில் கூராகத் தொடங்கி, பின்பக்கம் போகப்போகத் தட்டையாகும் அடியே சிறு படகுகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

அடுத்தது அகலம். நீர்மட்டத்தில் அகலம் 10 சதவீதம் கூடினால், அந்த அகலத்தால் கிடைக்கும் தாங்குதிறன் ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். ஆனால் அகலம் மட்டும் போதாது. பக்கச்சுவர் தாழ்வாக இருந்தால், சாயும்போது விளிம்பு வழியே தண்ணீர் புகும். புகுந்த தண்ணீர் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, படகை மேலும் சாய்க்கும். மீனும் ஐஸும் எவ்வளவு தாழ்வாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பது எந்தப் படகுக்கும் ஆபத்து.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கரையோரம், இடுப்பளவு அமைதியான நீரில் படகை இறக்குங்கள். வலை, ஐஸ், மீன் ஆகியவற்றின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். உயிர்காப்பு உடை அணிந்து, போகும் ஆட்கள் எல்லோரும் மெதுவாக ஒரு பக்கம் நகருங்கள். விளிம்பு நீரைத் தொடும் அளவுக்கு வந்தால், அந்தப் படகு அந்தச் சுமைக்கு ஆகாது.

கடைசியாக, பலகைகளுக்கு அடியில் நீர் உறிஞ்சாத ஃபோம் நிரப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் நிறைந்தாலும் கவிழ்ந்தாலும் மூழ்காத படகைப் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை காத்திருக்கலாம். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் படகு வாங்க வேண்டாம்.