குலுக்குங்க ஸார், அழுகை நிற்கும்!

எங்கள் வீட்டு வாண்டுக்கு வயசு ஒன்றே முக்கால். பருப்பு சாதக் கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் கேட்பது என் செல்போனை. கொடுக்காவிட்டால் போடுகிற கூச்சலில் எதிர் ஃபிளாட் ரிட்டயர்டு தாசில்தார் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். ஒரு வயசுக் குழந்தைக்கு டி.வி., செல்போன் எதுவுமே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. சொன்னவர்கள் ஒரு வேளை வந்து இவனுக்கு ஊட்டிவிட்டுப் போகலாம்.

பக்கத்து ஸீட் நண்பர்தான் வழி சொன்னார். "பாட்டில்ல தண்ணி, ஜிகினா போட்டு மூடிக் கொடுங்க ஸார். குலுக்கிட்டு வேடிக்கை பார்த்துட்டே சாப்பிடுவான். 'சென்ஸரி பாட்டில்'னு பேரு."

கடையில் விலை கேட்டேன். எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. நாமே செய்தால் என்ன?

மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின். பேன்ஸி ஸ்டோரில் ஜிகினாத் தூள். காலி பிளாஸ்டிக் பாட்டில் வீட்டிலேயே இருந்தது. (கண்ணாடி கூடவே கூடாது!) வெறும் தண்ணீரில் ஜிகினா சட்டென்று அடியில் போய்ப் படுத்துவிடும். கிளிசரின் கெட்டி; கலந்தால் மெதுவாக இறங்கும். ஆர்வக் கோளாறில் முழுக்க கிளிசரினே ஊற்றினேன். ஜிகினா, தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு பாதிக்குப் பாதி. மேலே ஒட்டிக்கொண்டு மிதந்தது, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டதும் சமர்த்தாக முழுகியது.

பையன் குலுக்கினான். பார்த்தான். வாய் தானாகத் திறந்தது. என் மனைவி அதில் ஒரு கவளத்தை வைத்தாள். வெற்றி!

வெற்றி தலைக்கு ஏறினால் என்ன ஆகும்? அடுத்தது கேசரி பவுடர் கரைத்த தண்ணீர்மேல் தேங்காய் எண்ணெய். ஜோராக இருந்தது. மார்கழிக் காலையில் பார்த்தால் எண்ணெய் உறைந்து பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி! 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் அப்படித்தான். ரீஃபைண்டு ஆயிலுக்கு மாறினேன்.

மூன்றாவது பாட்டிலுக்கு யோசனை அம்மாவுடையது. "ஏண்டா, அரிசியோட கொஞ்சம் குன்றிமணி போடேன். சத்தமும் கேக்கும், சிவப்பா அழகாவும் இருக்கும்." பிள்ளையார் சதுர்த்திக்குக் கண் வைக்க வாங்கியது டப்பாவில் இருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டு, மூடியில் சொட்டுப் பசை விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. 'டப்' என்று ஒரு சத்தம். ஓடினால் தரை முழுக்க அரிசி. நடுவில் அவன். நாக்கின் மேல் சிவப்பாக ஒன்று! என் மனைவி பாய்ந்து எடுத்தாள். கண்ணுக்குத் தெரிந்ததால் எடுத்தாள். தெரியாதபோது விரல் விட்டுத் துழாவினால் உள்ளே தள்ளிவிடுமாம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை போட்டீங்க? எத்தனை கிடைச்சுது?"

கிடைத்தது இருபத்திரண்டு. போட்டது? பதிலே இல்லை. ஆபீஸில் குண்டூசி வரைக்கும் ஸ்டாக் எடுக்கிறவன் நான்!

குன்றிமணியின் ஓடு கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடுமாம். கடித்து உடைத்தால்தான் ஆபத்து. உள்ளே அப்ரின் என்ற கொடிய விஷம். அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். அதனால் வீட்டில் உட்கார்ந்து 'பார்க்கலாம்' என்கிற பேச்சே கூடாது என்றார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. பையன் தூங்கினான். ஒன்றும் ஆகவில்லை.

சொட்டுப் பசை அந்த மூடி பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் சுற்றி முறுக்குகிறேன். அதன்மேல், மூடியும் கழுத்தும் சேர்ந்து மறையும்படி, இரண்டு கலவை பிசைந்து பூசும் பசை. ஒரு நாள் காயவேண்டும். தினம் சாயங்காலம் இழுத்துப் பார்க்கிறேன். உலர் பாட்டிலில் வெறும் அரிசிதான். தண்ணீரில் ஊதிப் பெருக்கும் ஜெல்லி முத்துக்களை நண்பர் இலவசமாகவே கொடுத்தார், திருப்பிக் கொடுத்துவிட்டேன். விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும் சரக்கு அது.

ஜிகினா பாட்டில் மட்டும் வேலையில் இருக்கிறது. தாசில்தார் ஜன்னலும் திறந்திருக்கிறது.

இந்த வருஷம் பிள்ளையாருக்கு மிளகில்தான் கண் என்று அம்மா சொல்லிவிட்டாள்.