கடல் கொண்டுபோன பெயர்களைத் தேடிய கணினி

எமது நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறை உலகம் பேசும் அளவுக்கு வளர்ந்துள்ளது. உள்நாட்டில் உருவாகும் சிறந்த மென்பொருட்களுக்கு 1998ஆம் ஆண்டிலேயே தேசிய மட்டத்தில் விருது வழங்கத் தொடங்கிவிட்டார்கள். மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐ.ரி. என்னும் நிறுவனத்தை 2009இல் இலண்டன் பங்குச் சந்தை 3 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2011இல் அந்தச் சந்தையின் பங்கு வியாபாரமே இலங்கையர் எழுதிய மென்பொருளில் நடைபெறத் தொடங்கியது. இவை பெருமைப்பட வேண்டிய சாதனைகள்தான்.

ஆனால் “இதற்கும் எமக்கும் என்ன சம்பந்தம்?” என்று கல்முனையிலோ நிந்தவூரிலோ வாழும் ஒரு பெண் கேட்டால் அது நியாயமான கேள்வியே. அவருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. இந்நாட்டுக் கணினித் துறையின் மிகச் சிறந்த சாதனைகளில் ஒன்று எமது கரையோரத்தின் துயரத்திலிருந்தே பிறந்தது. அதன் பெயர் ‘சஹானா’.

பெயர்ப் பட்டியலே பெரும் பிரச்சினை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய சுனாமியில் இலங்கையில் சுமார் 35,000 பேர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கும் மேல் இறந்தனர். நாட்டிலேயே மிகக் கூடிய இழப்பு இங்குதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று முஸ்லிம், தமிழ் என்ற வேறுபாடின்றிக் கடல் எல்லா ஊரையும் அழித்தது.

உணவும் உடையும் நாலாபக்கமிருந்தும் வந்தன. ஆனால் யார் உயிருடன் இருக்கிறார், எந்த முகாமில் இருக்கிறார், எந்த முகாமுக்கு எது தேவை என்பதை ஒரே இடத்தில் அறிய வழியிருக்கவில்லை. பாடசாலையில் ஒரு பட்டியல், பள்ளிவாசலில் ஒரு பட்டியல், வைத்தியசாலையில் ஒரு பட்டியல் என்று பெயர்கள் கொப்பிகளிலும் தாள்களிலும் சிதறிக் கிடந்தன. ஆயிஷா என்பவரை ஒருவர் ஆயிசா என்றும் இன்னொருவர் ஐஷா என்றும் எழுதினால், ஒரு பட்டியலில் இருப்பவரை இன்னொரு பட்டியலில் தேடிப் பிடிப்பது எவ்வளவு சிரமம்! பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக நடந்த உம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தொண்டர்கள் எழுதிய மென்பொருள்

இந்நிலையில் கொழும்பிலிருந்த கணினி வல்லுநர்கள் பலர் தம் தொழிலையே தொண்டாகச் செய்ய முன்வந்தார்கள். 2003இல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா மென்பொருள் அறக்கட்டளை அவர்களை ஒன்றுசேர்த்தது. இப்பணியை முன்னெடுத்துச் சென்றவர்களில் சமிந்திர டி சில்வா குறிப்பிடத்தக்கவர். சம்பளம் எதிர்பாராமல் இரவு பகலாக உழைத்து, சில வாரங்களுக்குள் பாவனைக்குரிய மென்பொருளொன்றை அவர்கள் உருவாக்கிவிட்டார்கள். நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க அரசாங்கம் அமைத்திருந்த தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்படுத்தப்பட்டது. ‘சஹன’ என்றால் சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அதன் அடிப்படை நான்கு பதிவேடுகள். காணாமற்போனோரையும் கண்டுபிடிக்கப்பட்டோரையும் பதிவது ஒன்று. எந்த முகாமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது. எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்பது மூன்றாவது. யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்று பொருத்திப் பார்ப்பது நான்காவது. வீதியோர முகாமுக்கு மூன்று லொறி போக, உள்ளே இருக்கும் முகாமுக்கு ஒன்றும் போகாமலிருக்கும் அநியாயத்தை மூன்றாவது பதிவேடு காட்டிக்கொடுக்கும்.

நன்றாகக் கவனித்தால், இது வீட்டிலே வரவு செலவுக் கொப்பி எழுதும் பெண்ணுக்கும், கடன் சங்கத்தில் கணக்கு வைக்கும் பெண்ணுக்கும் விளங்கக்கூடிய விடயமே. அதைப் பலர் பல இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எழுதவும் தேடவும் வழிசெய்ததுதான் அவர்களின் புதுமை.

வக்பு செய்த கிணறு போல

மென்பொருளை விற்றுப் பணம் சம்பாதிப்பதே வழக்கம். சஹானாவை அவர்கள் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். அதாவது எவரும் கட்டணமின்றி எடுத்துப் பாவிக்கலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். வக்பு செய்யப்பட்ட கிணற்றில் ஊரார் எல்லோரும் தண்ணீர் அள்ளுவது போன்றது இது.

அந்தத் தண்ணீர் தூர தேசங்களுக்கும் போனது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூகம்பம், 2010இல் ஹெய்ட்டி பூகம்பம் ஆகிய அனர்த்தங்களின்போது சஹானா பயன்பட்டது. சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதை அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கே வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா என்றால் இதன் மதிப்பு விளங்கும். 2009இல் சஹானாவுக்கெனத் தனி அறக்கட்டளையும் அமைக்கப்பட்டது.

‘குடும்பத் தலைவர்’ யார்?

இத்தனை பாராட்டுக்கும் உரிய வேலைதான் அது. என்றாலும் ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. படிவத்தில் எழுதியதையே அது வைத்திருக்கும், எழுதாததை அது அறியாது.

சுனாமிக்குப் பின் நிரப்பப்பட்ட படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. எமது கரையோரத்தில் வழக்கம் என்ன? மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அலை அடித்துப் போன வீடுகளில் எத்தனையோ வீடுகள் பெண்களுடையவை. 2005இல் கிழக்குக் கடலோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இதனால் வேறிடங்களில் வீடு கொடுக்கப்பட்டபோது, பல இடங்களில் உரித்து ‘தலைவர்’ என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டதைப் பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டின. உம்மா வழியில் வந்த சொத்து ஒரு கட்டத்தின் காரணமாகக் கைமாறியது. கணவனை இழந்து இத்தா இருந்த பெண்களோ வரிசையில் நின்று பதிவு செய்யவும் இயலாமல் பிறரை நம்பியிருக்க வேண்டியிருந்தது.

போரினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் நிலையும் இதுவே. காணாமற்போன மகனின் படத்தையும் துண்டுக் கடிதங்களையும் சுமந்து அலுவலகம் அலுவலகமாக அலைந்த தாய்மார் முஸ்லிம்களிலும் உண்டு, தமிழரிலும் உண்டு. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல்தான் வந்தது. அதுவரை அப்பெண்கள் பத்திரப்படுத்திய தாள்களே பல குடும்பங்களின் சாட்சியம்.

ஆகவே தொழில்நுட்பத்தின் சாதனையை அளக்க ஒரு கேள்வி போதும். அந்தப் பட்டியலில் பெண்ணின் பெயர் அவளுடைய உரிமையோடு இருக்கிறதா?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எந்தப் பதிவு நடந்தாலும் எமது முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அட்டையில் உள்ளபடியே எழுதச் செய்வோம். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்போம், பிரதியொன்றை எடுத்து வைப்போம். வீட்டுக்குரியவர் பெண் என்றால் அதைத் தனியாகக் குறிக்கும்படி வற்புறுத்துவோம்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவோம். எமது வீடு, காணி, நிவாரணம் பற்றிப் பிரதேச செயலகத்தில் என்ன பதியப்பட்டுள்ளது என்று அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, எமது விபரம் யாருக்குப் போகிறது என்றும் கேட்போம். தனித்து வாழும் பெண்ணின் முகவரியும் உம்மா வாப்பாவை இழந்த பிள்ளையின் பெயரும் கண்டவர் கையில் போகக் கூடாதவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காகவே இயற்றப்பட்டது.

நான்காவது, கணினி படிக்கும் எமது பெண் பிள்ளைகளைத் தட்டச்சோடு நிறுத்திவிடாதிருப்போம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, எமது பிள்ளைகள் அங்கு படிக்கிறார்கள். படிவத்தில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் சாய்ந்தமருதுப் பெண்ணொருவர் அமர்ந்திருந்தால், ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘வீட்டுக்கு உரியவர்’ என்று இன்னொரு கட்டம் கட்டாயம் இருக்கும். அந்த மென்பொருளுக்கும் ஒருநாள் தேசிய விருது கிடைக்கட்டும்.