பிடித்த கை ஏன் விடவில்லை?

பரம்பரை வியாதி என்றால் நம்ம ஆட்கள் சீனி வியாதி, பிரசர், இழுப்பு என்றுதான் சொல்வார்கள். இந்த முறை நாங்கள் எழுதப் போவது வாசகர்களில் அநேகர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒன்று. ‘மயோடொனிக் டிஸ்ட்ரொபி’ என்பது அதன் பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் அடையாளத்தைச் சொன்னால் விளங்கும்.

இந்த நோய் உள்ளவர் ஒரு கத்திப் பிடியையோ கதவையோ இறுக்கிப் பிடித்தால் உடனே விட முடியாது. விரல் விரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். வருடம் போகப் போக முகம், கழுத்து, முன்கை, கணுக்கால் பக்கமெல்லாம் சதை மெலிந்து பலம் குறையும். கண் இமை தொங்கும். பகலிலேயே தூக்கம் தூக்கமாக வரும். இளம் வயதிலேயே கண்புரை விழலாம், இருதயத் துடிப்பும் தடுமாறலாம். பார்க்கிறவர்கள் “சோம்பேறி”, “குடிச்சிட்டு வந்திருக்கான்” என்று பேசிவிடுவார்கள். அது அநியாயப் பேச்சு.

உலகத்தில் ஏறக்குறைய 8,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறதாகக் கணக்கு. கனடாவில் கியூபெக் மாகாணத்தின் சாகனே பகுதியிலோ 500, 600 பேருக்கு ஒருவர். பிரான்சிலிருந்து குடியேறிய சிலருடைய சந்ததி அங்கே பெருகியதுதான் காரணம்.

ஜெர்மனியில் ஸ்டைனர்ட் என்ற டொக்டர் 1909இல் இந்த நோயை விபரித்து எழுதினார். 1918இல் அதே நாட்டுக் கண் டொக்டர் பிளைஷர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தாத்தா பாட்டிக்கு வெறும் கண்புரை மட்டும், அடுத்த தலைமுறைக்குச் சதை நோய், அதற்கடுத்த பிள்ளைகளுக்கு இன்னும் சின்ன வயதிலேயே இன்னும் கடுமையாக. இங்கிலாந்தின் பென்ரோஸ் 1948இல் அதை மறுத்தார். லேசாக நோய் உள்ளவர்கள்தான் பிள்ளை பெறுகிறார்கள், கடுமையான பிள்ளைகள்தான் டொக்டர் கண்ணில் படுகிறார்கள், அதனால் அப்படித் தெரிகிறது என்றார். பெரிய மனிதர் சொன்னதால் நாற்பது வருடத்துக்கு மேல் அதுவே நின்றது. 1992இல் பரம்பரையலகைக் கண்டுபிடித்த பிறகுதான் பிளைஷர் பார்த்தது உண்மை என்று தெரிந்தது.

அது எப்படி என்று பார்ப்போம். தோட்டத்து ஒபிசில் செக்ரோல் புத்தகம் இருக்கிறதல்லவா? அது ஒபிசை விட்டு வெளியே போகாது. தேவையானதைத் துண்டில் எழுதித்தான் அனுப்புவார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. என்பது அந்தப் புத்தகம் மாதிரி. ஆர்.என்.ஏ. என்பது அதைப் பார்த்து எழுதிய துண்டு. துண்டைப் படித்துத்தான் கலம் புரதம் செய்கிறது.

இந்த நோய்க்குரிய துண்டின் வால் பக்கத்தில் சி, யூ, ஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. சுகமாக உள்ளவர்களுக்கு 5 முதல் 37 தடவை வரை. நோய் உள்ளவர்களுக்கு 50க்கு மேலே, சிலருக்கு ஆயிரக்கணக்கில். அந்த வால் பகுதி புரதம் செய்யப் பயன்படுவதே இல்லை. அப்படியிருக்க நோய் எப்படி வந்தது என்று விஞ்ஞானிகளே குழம்பிப் போனார்கள்.

கெடுதி துண்டிலேயேதான் இருந்தது. ஆர்.என்.ஏ. ஒற்றை நூல். அதில் சி எழுத்துக்கும் ஜி எழுத்துக்கும் ஒன்றையொன்று பிடிக்கிற குணம் உண்டு. எழுத்து நீளமாகத் திரும்பத் திரும்ப வந்தால் நூல் தன் மேலேயே மடிந்து, கொண்டை ஊசி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சட்டை சிப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு பல் இறுகப் பிடிக்கும், மூன்றாவது பல்லில் யூவும் யூவும் நேருக்கு நேர் வந்து சரியாகப் பிடிக்காமல் நிற்கும். பிறகு மறுபடி இரண்டு இறுக்கம், ஒரு தளர்வு. இதே அமைப்பு நூற்றுக்கணக்கில் போகும்.

நாயுருவிப் பற்றைக்குள் போன சேலை மாதிரி, ‘மசில்பிளைண்ட்’ என்ற புரதம் இந்த ஊசியில் போய் மாட்டிக்கொள்கிறது. மற்றத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் சரிப்படுத்துவது அந்தப் புரதத்தின் வேலை. அது கலத்தின் கருவுக்குள்ளேயே சிறைப்பட்டால், சதைக்கும் இருதயத்துக்கும் போகிற துண்டுகள் வளர்ந்தவருக்குரிய விதத்தில் வெட்டப்படாமல் சிசுப் பருவ விதத்திலேயே நிற்கின்றன. சதையைத் தளர்த்தி விடுகிற குளோரைட் வாசல் ஒழுங்காக அமையாது. கை விடாததன் காரணம் இதுதான். 2000ஆம் ஆண்டில், சம்பந்தமில்லாத வேறொரு பரம்பரையலகில் இந்த நீண்ட வாலைச் சேர்த்து எலியில் வைத்துப் பார்த்தார்கள். எலிக்கும் சதை இறுகியது.

எழுத்துக் கோவை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது நீளுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை கடுமையாவது அதனால்தான். பிறந்தவுடனேயே மூச்சு விடக் கஷ்டப்படுகிற, உடல் தளர்ந்த குழந்தைகள் பெரும்பாலும் தாய் வழியாகவே இதைப் பெறுகிறார்கள். தாயோ தனக்கு நோய் இருப்பது தெரியாமலே இருந்திருப்பாள். அவள் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பெண் பேதமில்லை. சொந்தத்தில் முடித்ததால் வருவதல்ல. செய்வினையுமல்ல, தொற்றுவதுமல்ல.

முற்றாகச் சுகப்படுத்த மருந்து இன்னும் வரவில்லை. கை இறுக்கத்துக்கு மெக்சிலெட்டின் என்ற மாத்திரை சிலருக்கு உதவும், ஆனால் இருதயத்தைப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. அந்தக் கொண்டை ஊசித் துண்டையே அழிக்கிற மருந்து 2012இல் எலியில் பலன் கொடுத்தது. மனிதரில் இன்னும் பரீட்சித்துக்கொண்டிருக்கிறார்கள். இரத்தத்தில் டி.என்.ஏ. பரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்தலாம்.

குடும்பத்தில் இந்த நோய் இருப்பது தெரிந்தவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சையானாலும், பிரசவமானாலும், மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடம் முன்கூட்டியே நோயின் பெயரைச் சொல்லுங்கள். லேசாக நோய் உள்ளவருக்குக்கூட அந்த மருந்தால் மூச்சு நின்றுபோகக்கூடும். பெயர் வாயில் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.