47 வயதில் களமிறங்கிய ‘பி.எல்.நியூமன்’

1970களில் அமெரிக்க அமெச்சூர் கார் பந்தயங்களின் பெயர்ப் பட்டியலில் ‘பி.எல்.நியூமன்’ என்றொருவர் இருப்பார். ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரம் பால் நியூமன்தான் அவர். போஸ்டரில் பெரிதாக வந்த பெயரைப் பந்தயக் களத்தில் சுருக்கிக்கொண்டார்.

1969ல் வெளியான ‘வின்னிங்’ படத்துக்காகத்தான் பந்தயக் கார் ஓட்டப் பழகினார். படம் முடிந்தது, பித்து மட்டும் தெளியவில்லை. 1972ல் முதல் பந்தயத்தில் இறங்கியபோது வயது 47. பிறவி வேகக்காரர் அல்லர், நிதானமாகக் கற்றவர். 1976ல் டிரையம்ஃப் காரில் அமெச்சூர்களுக்கான தேசியப் பட்டம் வென்றார். பின்னால் இன்னும் மூன்று.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது 1979 ஜூனில், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில். ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஒரே நேர்ச்சாலை. கையில் போர்ஷே 935. அந்தக் கால டர்போ எஞ்சின் ஒரு விஷமக்காரக் குதிரை: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் சும்மா இருக்கும், பிறகு பின்னாலிருந்து உதைக்கும். ஈரச் சாலையில் அந்த உதை எப்போது வரும் என்று கணக்குப் போட்டே வளைவில் திரும்ப வேண்டும். அந்த வருடம் மழையும் சேர்ந்துகொண்டது.

மூவர் அணியில் வேகப்புலி ஜெர்மனியின் ரோல்ஃப் ஸ்டொமெலன். மற்றவர் கார் உரிமையாளர் டிக் பார்பர். நியூமனின் வேலை, தன் முறை முடியும்வரை காரைக் கீறல் படாமல் ஓட்டித் திருப்பித் தருவது. கேட்க எளிது; நீண்ட பந்தயங்களில் பாதிப்பேர் தோற்பது இங்கேதான்.

முன்னணியில் இருந்த கார் பழுதாகி நெடுநேரம் நின்றது. நியூமன் அணிக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் டயர் மாற்ற நிற்கும் பிட்டில் ஒரு வீல் நட் கழல மறுத்து, கையிலிருந்த நிமிடங்களைத் தின்றது. கடைசியில் எஞ்சினும் திணறியது. எப்படியோ கோட்டைத் தாண்டி இரண்டாமிடம் பிடித்தார்கள். அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் வரும்போது கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே!

லெ மானில் அவர் மறுபடி போட்டியிடவில்லை. ஆனால் அமெரிக்காவின் டேடோனா பந்தயக் களத்தை விடவில்லை. 1995ல் அங்கே நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது ஃபோர்டு மஸ்டாங் அணி தன் பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் மூன்றாமிடமும் பெற்றது. அப்போது அவருக்கு 70 வயது. 2005ல், 80 வயதில், அதே டேடோனாவில் மீண்டும் ஸ்டீயரிங் பிடித்தார், 2008ல் மறைந்தார்.