பட்டத்திற்குப் பகுதிகள் ஐந்து



"கணிதம் பயிலச் சென்ற மகளுக்குத் தமிழும் சமூகத்தொண்டும் எதற்கு?" என மயிலையிலும் அடையாற்றிலும் நம் இல்லங்களில் வினவுவோர் உளர்.

சென்னைப் பல்கலைக்கழக இளங்கலைப் பட்டம் ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி; இரண்டாவது ஆங்கிலம்; மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப்பாடங்களும்; நான்காவது சுற்றுச்சூழல், நற்பண்புக் கல்வி போன்றவை; ஐந்தாவது நாட்டு நலப்பணி முதலான தொண்டு. பள்ளியில் தமிழ் பயிலாதோர்க்கு நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழும் உண்டு. முதன்மைப் பாடத்தில் சிறந்தவரும் இவற்றுள் ஒன்றைக் கைவிட்டால் பட்டம் கைக்கு வாராது. ஆதலின் முதலாண்டிலேயே பாடத்திட்டத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து படியுங்கள்.

பல்கலைக்கழகம் தொழிலுக்கு மட்டுமன்றி, முழுமனத்தையும் பண்படுத்தவே உள்ளது என்று 1852-ல் டப்ளினில் ஆற்றிய பேருரைகளில் விளக்கினார், 2019-ல் புனிதராக உயர்த்தப்பெற்ற கர்தினால் நியூமன். நம் பிள்ளைகள் ஊதியத்தோடு உள்ளமும் விரியப் பெறுவார்களாக!